ஆற்காடு 1751: உள்ளே இருநூறு, வெளியே பத்தாயிரம் – கோட்டை எப்படி நின்றது?

பாலாற்றங்கரை கேட்கிறார்:

வணக்கம். ஆற்காட்டு முற்றுகைக்குப் பள்ளிப் புத்தகத்தில் இரண்டு வரிதான். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் (கம்பெனியின்) அதிகாரி கிளைவ் சிறுபடையோடு வந்து கோட்டையைப் பிடித்தார், 50 நாள் தாக்குப்பிடித்தார், பிரெஞ்சு ஆதரவோடு ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ரஸா சாகிப் முற்றுகையைக் கைவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டால் 'கிளைவின் துணிச்சல்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

துணிச்சல் இருந்தால் மட்டும் தோட்டாவும் அரிசியும் வந்துவிடாது. கடைசித் தாக்குதல் நடந்த அன்று உள்ளே ஆயுதம் பிடிக்கும் நிலையில் இருந்தவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். வெளியே ஏறக்குறைய 10,000 பேர். கோட்டை ஏற்கெனவே பாழடைந்தது. அதிலும் இரண்டு இடத்தில் மதில் இடிந்து வழி திறந்து கிடந்தது. இவர்களிடம் ஆயுதம் உசத்தி என்றும் சொல்ல முடியவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் பீரங்கிகள் அந்தப் பக்கம்தானே இருந்தன? ஐம்பதுக்கு ஒருவர் என்ற நிலையில் இது எப்படிச் சாத்தியம்? கோட்டை அமைப்பும் படைக்கலமும் தெரிந்தவர்கள் கணக்கோடு விளக்கினால் நன்றாக இருக்கும்.

கொத்தளம்:

முதலில் அந்த 10,000-ஐப் பிரித்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கும்பினி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் கணக்குப்படி அதில் பிரெஞ்சுக்காரர்கள் 150, பயிற்சி பெற்ற சிப்பாய்கள் 2,000, குதிரைவீரர்கள் 3,000, மீதி 5,000 பேர் பலவகை ஆயுதம் ஏந்திய காலாட்கள். மதிலின்மேல் குதிரை ஏறாது. ஆக 3,000 பேர் சுற்றுப்புறத்தைக் காவல் காக்க மட்டுமே உதவுவார்கள். அணிவகுத்து, கட்டளைக்குச் சுட்டு, உடைப்பில் (மதில் இடிந்து திறந்த வழியில்) ஏறத் தெரிந்தவர்கள் 2,150 பேர்தான். விகிதம் அந்த இடத்திலேயே பத்துக்கு ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

அடுத்தது அகலம். சண்டையைத் தீர்மானிப்பது படையின் தொகை இல்லை. ஒரே நேரத்தில் எதிராளியைத் தொடக்கூடியவர்களின் தொகை. இடிந்து சரிந்த மதில் 15 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். கல்லும் மண்ணுமான சரிவில் கையும் காலும் ஊன்றி ஏறுகிறவனுக்கு ஒரு மீட்டர் இடமாவது வேண்டும். முன்வரிசையில் 15 பேர். பின்னால் 500 பேர் நின்றாலும் 5,000 பேர் நின்றாலும் முன்வரிசை 15 தான். பின்னால் நிற்பவர்களால் சுட முடியாது, சுட்டால் தன் ஆளின் முதுகில்தான் படும். உள்ளேயிருப்பவனோ அரைவட்டமாக நின்று 40 துப்பாக்கியை அந்த ஒரே வாயை நோக்கித் திருப்பலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், எண்ணிக்கையில் அதிகம் இருப்பது கோட்டைக்காரன்தான்.

ஆனால் இது தானாக நடப்பதில்லை. ஆற்காட்டுக் கோட்டையின் சுற்றளவு ஒரு மைலுக்கு மேல். 200 பேரைச் சமமாக நிறுத்தினால் எட்டு மீட்டருக்கு ஒருவர்; அது காவலே இல்லை. மதில்மேல் நடைபாதை பீரங்கி வைக்க முடியாத அளவுக்குக் குறுகல். கொத்தளங்கள் (மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் காவல்மேடைகள்) சிதைந்தவை, ஒன்றில் ஒரு பீரங்கிக்கு மேல் தாங்காது. அகழி சில இடத்தில் வறண்டும் சில இடத்தில் தூர்ந்தும் கிடந்தது. இப்படிப்பட்ட கோட்டையில் ஆளைப் பரப்பியிருந்தால் ஒரே மணி நேரத்தில் முடிந்திருக்கும். எதிரி எங்கே வருவான் என்று தெரிந்து அங்கே ஆளைக் குவித்ததுதான் வேலை. தாக்குதலுக்கு முந்தைய இரவே ஒற்றன் மூலம் திட்டம் உள்ளே வந்துவிட்டது: இரண்டு வாசலுக்கு இரண்டு பிரிவு, இரண்டு உடைப்புக்கு இரண்டு பிரிவு. ஏணிகளோடு மதிலின் மற்ற பக்கங்களுக்கும் கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அது சிதறிய கூட்டம், பின்னால் அணிவகுத்த படை இல்லை.

உடைப்பை எப்படித் தயார் செய்தார்கள் என்பதுதான் நெருங்கிப் பார்க்கவேண்டிய இடம். வடமேற்கு உடைப்பில் இடிந்த மதிலை மறுபடி கட்டிக்கொண்டிருக்கவில்லை; பீரங்கிக்கு முன்னால் அது வீண்வேலை. மதிலடியில் உள்பக்கமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள், சற்றுத் தள்ளி இன்னொன்று. இரண்டிலும் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும் நாலுமுனை இரும்பு முட்களை இறைத்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுச் சுவரை மார்பளவுக்கு இடித்து நிறுத்தி, அதையே சுடும் தடுப்பாக்கினார்கள். பள்ளங்களின் இரு முனையிலிருந்தும் மதில்மேல் வரை கூர்முனைக் கழிகளை நட்டு வேலி. பக்கவாட்டில் ஒருவனும் ஒதுங்கித் தப்ப முடியாது. உடைப்பை வெளிப்புறம் பார்க்கும் கொத்தளத்தில் ஒரு பீரங்கி, உள்ளே எதிரிலிருந்த வீட்டின் மொட்டைமாடியில் இரண்டு சிறு பீரங்கி.

ஆக உடைப்பில் ஏறி வந்தவன் கோட்டைக்குள் வந்துவிட்டதாக நினைத்த இடம், மூன்று பக்கம் அடைத்த ஒரு கொலைக்களம். மதில் விழுந்தால் கோட்டை விழுந்தது என்று தாக்குகிறவர் நம்புவார். மதில் விழப்போகும் இடம் பல நாள் முன்பே தெரியும் என்பதால், தற்காப்பவர் அதன் பின்னால் இரண்டாவது மதிலைக் கட்டியிருப்பார்.

வாசல்களில் யானைகளை விட்டார்கள், நெற்றியில் இரும்புத் தகடு கட்டி, கதவை முட்டி உடைக்க. தகடு நெற்றியை மட்டும்தான் காக்கும். மற்ற இடத்தில் குண்டு பட்டதும் திரும்பி, தன் பின்னால் வந்த ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின.

வெடிமருந்து:

கொத்தளம் சொன்னதோடு தோட்டாக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கடைசித் தாக்குதல் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதில் உள்ளிருந்தவர்கள் செலவழித்தது 12,000 தோட்டா. 200 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 60, நிமிடத்துக்கு ஒன்று. அந்தக் காலத்து வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் நல்ல பயிற்சியுள்ளவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். ஆனால் அது முதல் சில நிமிடத்துக்குத்தான். கறுப்பு வெடிமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும், குண்டு இறங்க மறுக்கும், குழல் சூடேறும். சக்கிமுக்கிக் கல் சில டஜன் சுடலுக்குள் முனை மழுங்கிப் பொறி தராமல் போகும், மாற்ற வேண்டும். ஒரு மணி நேரம் முழுக்க நிமிடத்துக்கு ஒன்று என்பது தனி ஆளால், தனித் துப்பாக்கியால் மிகக் கடினமான காரியம்.

அங்கே கை அதிகம் இல்லை, துப்பாக்கி அதிகம் இருந்தது. முற்றுகையில் 120 ஐரோப்பியரில் 40 பேரும், 200 சிப்பாய்களில் 80 பேரும் கழிந்துவிட்டார்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் அப்படியே உள்ளே. குறிபார்த்துச் சுடுகிறவன் முன்வரிசையில் நின்றான்; பின்னால் நின்றவர்கள் கெட்டித்துக் கெட்டித்து முன்னால் நீட்டினார்கள். சுட்டவன் காலித் துப்பாக்கியைப் பின்னால் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொண்டான். கல் மழுங்கினால் பின்னால் இருப்பவன் நிதானமாக மாற்றுவான். முதல் வரிசை விழுந்ததும் ஏற வந்த அடுத்த வரிசைக்கு, 'இப்போது கெட்டித்துக்கொண்டிருப்பார்கள், பாய்ந்துவிடலாம்' என்ற இடைவெளி கிடைக்கவே இல்லை. மதில் மோதலில் ஆளைக் காப்பாற்றுவது இந்த இடைவெளியை மூடுவதுதான்.

ஒரு குண்டு 30 கிராமுக்குச் சற்று மேல். மருந்தும் காகிதமும் சேர்த்தால் 45 கிராம் வரும். 12,000 தோட்டா அரை டன்னுக்குச் சற்று மேல். அதை முன்கூட்டியே சுருட்டி, நான்கு இடத்துக்கும் பிரித்து, நனையாமல், தீப்பொறி படாமல் வைத்திருக்க வேண்டும். வெளியே இழப்பு, இறந்தவரும் காயம்பட்டவரும் சேர்த்து, சுமார் 400. ஆக 30 தோட்டாவுக்கு ஒருவர், பீரங்கி அடித்ததையும் சேர்த்து. திறந்த வெளிப் போர்களில் நூற்றுக்கணக்கான தோட்டாவுக்கு ஒருவர் விழுவார். குறுகிய வாய், மிகக் கிட்டத்துத் தூரம், தடுப்பின்மேல் துப்பாக்கியை ஊன்றிச் சுடும் வசதி, இந்த மூன்றும் சேர்ந்துதான் அந்த வித்தியாசம்.

பிழையும் நடந்தது. தென்மேற்கு உடைப்பின் முன் அகழியில் தண்ணீர் ஆழம். 70 பேர் ஒரு தெப்பத்தில் ஏறிக் கடக்க வந்தார்கள். அங்கிருந்த பீரங்கிக்காரர்களின் குண்டுகள் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தன. மேலிருந்து கீழே, கிட்டத்தில், நகரும் பொருளைச் சுடும்போது இது எப்போதும் நடப்பது. குழலை வேண்டிய அளவு தாழ்த்த மாட்டார்கள். கிளைவ் வந்து தானே ஒரு பீரங்கியைக் குறிவைத்தார். மூன்று நான்கு வேட்டில் தெப்பம் காலியாகிவிட்டது, மிஞ்சியவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அந்தத் தெப்பம் கரை சேர்ந்திருந்தால் தென்மேற்குப் பக்கத்தில் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மருந்து தீர்ந்தால் கோட்டை தீர்ந்தது. 1780-81-இல் வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியின் படையிடமிருந்து காத்த லெப்டினன்ட் பிளின்ட்டிடம் பீரங்கிக்காரன் ஒருவனும் இல்லை. உள்ளூர் ஆட்களையே பழக்கினார், வெடிமருந்தைக் கோட்டைக்குள்ளேயே செய்யவைத்தார். அதனால்தான் அது நின்றது.

தெற்குச்சீமை:

மேலே இரண்டு பேரும் கடைசி நாளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் முதல் மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது.

கிளைவ் உள்ளே நுழைந்தது ஆகஸ்ட் 31. ரஸா சாகிப் வந்து சூழ்ந்தது செப்டம்பர் 23. இடைப்பட்ட நாட்களில் அவர் மதிலுக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. திமிரிப் பக்கம் போய் மோதிவிட்டு வந்தார். ஊருக்கு அருகே முகாம் போட்ட 3,000 பேரை இரவில் போய்க் கலைத்தார். சென்னையிலிருந்து 18 பவுண்டு குண்டு போடும் பீரங்கி இரண்டைத் தருவித்துக்கொண்டார். பின்னால் முற்றுகைக்காரர்கள் தெருவில் மண்மேடு எழுப்பிக் கோட்டையைக் கீழ்நோக்கிச் சுட ஏற்பாடு செய்தபோது, அது முடியும்வரை விட்டு, மேலே ஆள் ஏறிய பிறகு அடித்துச் சரித்தார். கனத்த பீரங்கி இல்லாமல் அது முடியாது.

சூழப்படும் நேரத்தில் உள்ளே 60 நாளைக்குத்தான் உணவு. ஆகவே குடிமக்களை வெளியே அனுப்பிவிட்டு, சில கைவினைஞர்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒருவர் அந்தக் கோட்டையில் பல வருஷம் வேலை பார்த்த கொத்தனார். நிலத்தடியில் ஒரு கால்வாய் இருப்பது அவருக்குத் தெரியும். வெளியே இருப்பவர்கள் கண்டுபிடித்தால் கோட்டையின் ஒரே நீர்த்தேக்கத்தை வடித்துவிடலாம். அவர் சொல்லி, அதை உள்பக்கமாக அடைத்தார்கள். முற்றுகை 50 நாள், உணவு 60 நாளைக்கு. தண்ணீர் போயிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு வாரம்கூட நிற்காது. அந்தக் கொத்தனாரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கதையைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். ஓர்மின் விரிவான விவரிப்பில் அது இல்லை. பிற்காலப் புத்தகங்கள் வழியாகத்தான் பரவியது. அதன்மேல் எந்த முடிவையும் கட்ட வேண்டாம்.

இன்னொன்று, வெளியே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முராரி ராவின் 6,000 மராட்டியக் குதிரைவீரர்கள் ஆங்கிலேயர் பக்கம் சேர மேற்கே தயாராக நின்றார்கள். சென்னையிலிருந்து கில்பாட்ரிக் தலைமையில் உதவிப்படை கிளம்பிவிட்டது. பட்டினி போட்டே பிடிக்கலாம் என்று காத்திருக்க ரஸா சாகிப்புக்கு நாள் இல்லை. முஹர்ரம் நாட்களின் உணர்ச்சி வேகத்தோடு சேர்த்து ஒரே பாய்ச்சலில் முடிக்கப் பார்த்தார். அந்தப் பாய்ச்சல் தோற்ற அன்று இரவே படை கிளம்பிப் போனது. மறுநாள் மாலை கில்பாட்ரிக் வந்து சேர்ந்தார். 10,000-இல் 400 பேர் விழுந்ததால் ஒரு படை அழிந்துவிடாது. இன்னொரு முறை முயல நேரம் இல்லை, அதனால் போனார்கள்.

சிறுபடை எப்போதும் வெல்லும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தே வருஷத்தில், 1756 ஜூனில், கல்கத்தாவில் கும்பினியின் வில்லியம் கோட்டை வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் சில நாளில் விழுந்தது. அங்கே ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஆற்றில் கப்பல்களும் இருந்தன. நடந்தது என்ன? கோட்டையைவிட உயர்ந்த வீடுகளும் தேவாலயமும் சுற்றி நின்றன, இடிக்கவில்லை. தென்மதிலை ஒட்டிக் கிடங்குகள் கட்டியிருந்ததால் கொத்தளங்களிலிருந்து மதிலோரத்தைச் சுட முடியவில்லை. இருந்த ஆளைத் தெருமுனைகளில் மூன்று காவல்நிலைகளாகப் பரப்பினார்கள். அவை பறிபோனதும் ஆளும் பீரங்கியும் போயிற்று. குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே விட்டார்கள். மருந்து ஈரம். 19-ஆம் தேதி ஆளுநர் டிரேக்கே கப்பலேறிப் போய்விட்டார். 20-ஆம் தேதி கோட்டை போனது. ஆற்காட்டில் சரியாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பதம் இங்கே இருக்கிறது.

பாலாற்றங்கரை:

மிக்க நன்றி. கிடங்கு ஒன்று மதிலோரத்தை மறைத்தாலே கொத்தளம் வீணாகிவிடும் என்பது எனக்குப் புதிது. இரண்டு கேள்வி. ஆற்காட்டைச் சுற்றியும் வீடுகள் இருந்தனவே, அவை ஏன் ஆபத்தாகவில்லை? பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை 1801 மார்ச்சில் கும்பினியைத் துரத்திவிட்டு மே மாதத்தில் கோட்டையை இழந்தாரே, அங்கே எது மாறியது?

கொத்தளம்:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக: ஆபத்தாகத்தான் இருந்தன. வீடுகளைத் தகர்க்க முயன்றார்கள், முழுசாக முடியவில்லை. அங்கிருந்து சுட்டதில்தான் உள்ளே ஆட்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். கிளைவோடு மதிலில் சுற்றிவந்த சார்ஜெண்டுகளில் மூன்று பேர், வெவ்வேறு சமயங்களில், அவர் பக்கத்திலேயே செத்தார்கள். செப்டம்பர் 24 அன்று தெருவுக்குள் இறங்கி பிரெஞ்சுப் பீரங்கிகளைப் பிடிக்கப் போய் 15 ஐரோப்பியரை இழந்தார். ஜன்னலிலிருந்து சுடும் தெருவில் சிறுபடை இறங்கக்கூடாது. அதற்குப் பிறகு அந்த மாதிரி முயற்சி இல்லை.

தெற்குச்சீமை:

பாஞ்சாலங்குறிச்சியை 'சிறுபடை' வரிசையில் வைப்பது சரியில்லை. உள்ளே ஆட்கள் ஏராளம். இல்லாதது பீரங்கியும் மருந்தும். ஆகவே அது வேறு வகைப் பாடம், ஆனால் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும்.

1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். 1799-க்குப் பிறகு தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாளில் மண்ணால் எழுப்பிவிட்டார்கள். கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் விரிசல் ஓடிப் பாளமாகச் சரியும். குழைத்துக் கட்டிய மண்மதிலில் குண்டு புதைந்துபோகும். பொடிந்து விழுவதுகூட அந்த இடத்திலேயே குவியும். இரவில் ஆள் வைத்தால் காலையில் மறுபடி எழும்பிவிடும். சுற்றிலும் முள்வேலி. அதைக் கடக்க நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சுடப்படும் நிமிடம்.

மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே அன்றே சுட்டு அன்றே ஏறினார். மதில் உச்சிவரை சிப்பாய்கள் போனார்கள். அங்கிருந்து உள்ளே குதிக்க வழி இல்லை, ஏனென்றால் கொத்தளங்களை உள்ளே குடைந்து வைத்திருந்தார்கள். மேலே தலை தெரிந்தவனைக் கீழே நின்றவர்கள் 18, 20 அடி நீள வல்லயத்தால் (நீண்ட ஈட்டியால்) குத்தினார்கள். மேலே நிற்பவனின் துப்பாக்கிக் கத்தி கீழே எட்டாது. கீழே நிற்பவனின் வல்லயம் மேலே எட்டும். உடைப்பின் வாயில் கைகலப்பு என்று வந்துவிட்டால் நீளம்தான் பேசும். தாக்கியவர்களுக்குப் பலத்த இழப்பு, திரும்பிப் போனார்கள். இந்த யுக்தியை ஐரோப்பியக் கோட்டைநூல் படித்து யாரும் செய்யவில்லை. மண்ணையும் வல்லயத்தையும் தெரிந்தவர்கள் செய்தது. ஆற்காட்டைப் பேசுகிற அளவுக்கு இதையும் பேச வேண்டும் என்பேன்.

மே மாதம் மாறியது இதுதான்: கர்னல் அக்னியூ கூடுதல் படையும் கனத்த பீரங்கியும் கொண்டுவந்தார், அவசரப்படவில்லை. 23-ஆம் தேதி தொடங்கிச் சுட்டு, உடைப்பை நன்றாக அகலப்படுத்திய பிறகு 24-ஆம் தேதி ஏறினார். அகலம் கூடியதும் கொத்தளம் மேலே சொன்ன முன்வரிசைக் கணக்கு மாறிவிடுகிறது. வெளியிலிருந்து உதவிப்படை வரும் என்ற எதிர்பார்ப்பும் உள்ளே இல்லை. ஊமைத்துரையும் இன்னும் பலரும் வெளியேறி மருது சகோதரர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

மதுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1764 ஜூன் 26 அன்று யூசுப் கானின் (மருதநாயகத்தின்) மதுரைக் கோட்டையில் உடைப்பு வழியாக ஏறிய கும்பினிப் படை விரட்டப்பட்டது. தலைமை தாங்கிய மேஜர் பிரெஸ்டன் அந்தக் காயத்தில் இறந்தார். அதன்பின் அவர்கள் ஏற முயலவில்லை, சுற்றி அடைத்துப் பட்டினி போட்டார்கள். அக்டோபர் 13 அன்று உள்ளே இருந்தவர்களே யூசுப் கானைப் பிடித்துக் கொடுத்தார்கள், 15-ஆம் தேதி தூக்கு. ஆற்காட்டில் 50 நாளும் சிப்பாய்கள் பிளவுபடவில்லை. உள்ளே பிளவு வந்துவிட்டால் மதிலால் ஒன்றும் செய்ய முடியாது.

கொத்தளம்:

நீளம் பேசும் என்ற கருத்துக்கு இன்னொரு கண்டத்திலிருந்து ஆதாரம் தருகிறேன். 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட். சுமார் 140 பேர், அதில் மூன்று டஜன் அளவுக்கு நோயாளிகள். எதிரே 3,000 முதல் 4,000 ஜூலு வீரர்கள். தலைக்கு 90 கிலோ எடையுள்ள சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி, மருத்துவமனைக் கட்டடத்தையும் கிடங்கையும் இணைத்து மார்பளவுச் சுவர். ஜூலுக்களின் குட்டை ஈட்டி கைக்கெட்டும் தூரத்துக்கானது. மூட்டைச் சுவருக்கு மேலே நின்றவனை அது எட்டவில்லை. துப்பாக்கியும் நீண்ட கத்தியும் சேர்ந்தால் ஆள் உயரத்தைத் தாண்டும்.

ஆனால் அங்கே நான் முக்கியமாகப் பார்ப்பது சுற்றளவு. முதலில் போட்ட சுவர் இன்னும் பல நூறு பேர் இருப்பார்கள் என்று நம்பிப் போட்டது. சண்டை தொடங்கும் முன்பே துணைப்படையினர் ஓடிவிட்டார்கள். உடனே லெப்டினன்ட் சார்ட் முற்றத்தின் குறுக்கே பிஸ்கட் பெட்டியால் இன்னொரு சுவர் எழுப்பத் தொடங்கினார். மேற்குப் பாதி பறிபோனதும் அதற்குப் பின்னால் ஒதுங்கினார்கள். கிழக்குப் பாதிக்குள் மூட்டைகளை உயர அடுக்கிக் கடைசிப் புகலிடமும் கட்டினார்கள். ஆள் குறையக் குறையச் சுற்றளவையும் குறைத்துக்கொண்டே போனால், மீட்டருக்கு எத்தனை துப்பாக்கி என்ற கணக்கு மாறாமல் இருக்கும். அங்கே சுமார் 20,000 தோட்டா செலவு, விடியும்போது மிச்சம் ஆயிரத்துக்கும் குறைவு. இன்னொரு இரவு தாங்கியிருக்காது.

அதே நாள், அங்கிருந்து 16 கிலோமீட்டர் தூரத்தில் இசாண்டல்வானாவில், பத்து மடங்குக்கு மேல் ஆள் இருந்த பிரிட்டிஷ் முகாம் அழிந்தது. அதே துப்பாக்கி, அதே படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். வண்டிகளை வட்டமாகக் கட்டவில்லை, பள்ளம் வெட்டவில்லை, வரிசையைத் திறந்த வெளியில் நீட்டி நிறுத்தினார்கள். இறந்தவர்கள் சுமார் 1,300.

ஏட்டுச்சுவடி:

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரிப் போர்களின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை சம்பளப் பட்டியலிலிருந்து வருவது, ஓரளவு துல்லியம். வெளியே இருந்தவர்களின் எண்ணிக்கை மதில்மேல் நின்று பார்த்தவர்களின் மதிப்பீடும் ஒற்றர் சொன்னதும். சமையல்காரர், குதிரைக்காரர், சுமைகூலிகள் எல்லாரும் அதில் கலந்திருக்கலாம். மதிப்பிட்டவர் வென்றவர், அவருக்கு எண் பெரிதாக இருப்பது நல்லது.

பிறகு, இருந்தவர்கள் வேறு, மோதியவர்கள் வேறு. 1818 ஜனவரி 1, புனே அருகே கோரேகானில் கும்பினிப் படையும் மராட்டியப் பேஷ்வாவின் படையும் மோதின. கும்பினியின் கேப்டன் ஸ்டான்டனிடம் எண்ணூற்றுச் சொச்சம் பேர், அதில் சென்னைப் பீரங்கிப்படையினர் 24 பேரும் இரண்டு பீரங்கியும். பேஷ்வாவின் படை 20,000-க்கு மேல். ஆனால் கிராமத்துக்குள் தாக்க அனுப்பப்பட்டவர்கள் அதில் ஒரு சிறு பங்கு, சுமார் 2,000 பேர்தான். அது காவலர்களின் உழைப்பைக் குறைக்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் நின்றார்கள். ஆனால் '800 எதிர் 28,000' என்று எழுதினால் என்ன நடந்தது என்றே புரியாது.

எண்ணை எடுத்துக்கொள்ளும் முன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை பேர் ஒரே நேரத்தில் மோதினார்கள், எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள், இறந்தவர்களின் கணக்கை எண்ணியவர் யார். ஆற்காட்டில் கடைசித் தாக்குதலில் உள்ளே இறந்தவர்கள் 4 ஐரோப்பியர், காயம்பட்டவர்கள் 2 சிப்பாய்கள் என்பது எண்ணிச் சொன்னது. வெளியே 400 என்பது மதிப்பீடு. வெடிமருந்து போட்ட '30 தோட்டாவுக்கு ஒருவர்' கணக்கும் அந்த மதிப்பீட்டின்மேல் நிற்பதுதான்.

வெடிமருந்து:

ஒத்துக்கொள்கிறேன். 400 என்பது 200 ஆக இருந்தாலும் 60 தோட்டாவுக்கு ஒருவர் வரும். வெட்டவெளிச் சண்டையைவிட அப்போதும் மிக மேல்.

பாலாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சின்னச் சந்தேகம். தாக்குதல் நாளை ஒரு இடத்தில் நவம்பர் 14 என்றும் இன்னொரு இடத்தில் நவம்பர் 25 என்றும் பார்க்கிறேன். எது சரி?

ஏட்டுச்சுவடி:

இரண்டும் ஒரே நாள். இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியையே பயன்படுத்தியது. கும்பினி ஆவணங்களும் அப்படியே. பிரெஞ்சுக்காரர்கள் புதிய நாட்காட்டிக்கு எப்போதோ மாறிவிட்டார்கள். 1751-க்கு வித்தியாசம் 11 நாள். இந்தத் திரியில் மேலே வந்த ஆகஸ்ட் 31, செப்டம்பர் 23, 24 எல்லாம் பழைய கணக்கு; புதுச்சேரி ஆவணங்களோடு ஒப்பிடும்போது ஒவ்வொன்றோடும் 11 கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டினால் ரஸா சாகிப் சூழ்ந்தது அக்டோபர் 4, தாக்கியது நவம்பர் 25.